வெயிலூரில் ஒரு கோடைப் பூ விதைப் பெட்டி

இந்தப் பெட்டியை நான் வாங்கியது ஜனவரி கடைசி வாரத்தில். விலை 399 ரூபாய், கூரியருக்குத் தனியாக 60. உள்ளே 12 பாக்கெட் பூ விதை, தண்ணீர் ஊற்றினால் உப்பி எழும் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) வில்லை 10, பெயர் எழுதிச் செருகப் பிளாஸ்டிக் குச்சி 12, நாலாக மடித்த ஒரு விளக்கத் தாள். மேலட்டையில் 'கோடைப் பூக்கள்' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே ஒரு வெள்ளைக்கார அம்மாள் தொப்பி போட்டுக்கொண்டு, புல்தரையில் மண்டியிட்டு, கை நிறையப் பூவோடு சிரிக்கிறார். அந்தத் தொப்பியையும் அவர் மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையையும் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விற்ற கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. இதே 12 வகையை, ஏறக்குறைய இதே படங்களோடு, வேறு வேறு பெயரில் விற்பதைப் பார்க்கிறேன். எந்தப் பெட்டி உங்கள் கைக்கு வந்தாலும் கீழே சொல்லியிருப்பது பெரும்பாலும் பொருந்தும்.

எனக்கு ஊர் வேலூர், சத்துவாச்சாரி. ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கல்யாணப் பத்திரிகையில் இருந்து மருத்துவ மாணவர்களின் பாடக்குறிப்பு வரை எல்லாம் என் மேசைக்கு வரும். எங்கள் ஊரைப் பற்றி 'நீரில்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்' என்று ஒரு பழைய கேலி உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாறுதான் இன்னும் பாக்கி. மார்ச் முடிவதற்குள் வெயில் சதம் அடித்துவிடும். 'வெயிலூர்' என்று கிண்டல் செய்வார்கள், எங்களுக்கும் பழகிவிட்டது. எங்கள் மொட்டை மாடியில் நிழல் என்றால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டும்தான். மே மாதம் மதியம் செருப்பில்லாமல் ஏறினால் பாதம் பொத்துப் போகும். அந்த மாடியில்தான் இந்த 12 பாக்கெட்டும் நாலு மாதம் தேர்வு எழுதின.

முதலில் விளக்கத் தாள். தமிழில் கொடுத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். படிக்க ஆரம்பித்ததும் சிவப்புப் பேனா தானாகக் கைக்கு வந்துவிட்டது. 'விதைகளைப் படுக்கையில் மெதுவாகத் தூவவும்' என்று இருந்தது, பாத்தியைச் சொல்கிறார்கள். 'இறந்த தலைகளை வாரம் ஒருமுறை வெட்டி எறியவும்' என்றால் வாடின பூவைக் கிள்ளிப் போட வேண்டும் என்று அர்த்தமாம். மூன்றாவது பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை: 'கடைசி உறைபனி விலகி இரண்டு வாரம் கழித்தே நாற்றை வெளியில் வைக்கவும்.' எங்கள் அச்சகத்து ஃபோர்மேன் அண்ணனிடம் போய், "அண்ணே, வேலூர்ல கடைசி உறைபனி எப்போ?" என்று கேட்டேன். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல நேத்துதாம்மா சுரண்டினோம்" என்றார்.

வார்த்தைகளைத் திருத்திப் படித்தால் போதும் என்று அப்போது நினைத்தேன். திருத்தத் திருத்தத்தான் தெரிந்தது, இந்தப் பெட்டி மனதில் வைத்திருக்கும் கோடையே வேறு. லண்டனில் ஜூலை மாதம் பகல் வெப்பம் சராசரியாக 23, 24 டிகிரி செல்சியஸ்தான். எங்களுக்கு மார்கழி மதியம்கூட அதைவிடச் சூடு. அந்த ஊர்க் கோடையில் பூக்கிற செடி நம் சமவெளியில் குளிர்காலச் செடி. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, தை, மாசி வரை அனுபவிக்க வேண்டியது. மே மாதத்திலேயே அதைப் பார்க்க வேண்டும் என்றால் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போக வேண்டும். இந்தப் பெட்டியில் அப்படி மூன்று பாக்கெட்: பேன்சி, பெட்டூனியா, லார்க்ஸ்பர்.

பேன்சியில் 20 விதை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அது முளைக்கவே 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சி வேண்டும். பிப்ரவரி மாடியில் நான் அதற்கு எங்கே போவேன்? லார்க்ஸ்பர் மூன்று முளைத்துக் கட்டைவிரல் உயரம் வந்தது, அவ்வளவுதான். பெட்டூனியாதான் ஆசை காட்டி மோசம் செய்தது. 14 நாற்று வந்தது, நூல் மாதிரி. அதில் தேறிய ஐந்தைத் தொட்டிக்கு மாற்றினேன். அதன் இலையைத் தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். எங்கள் தெருவின் புழுதி முழுக்க அதன் மேல்தான் இருந்தது. ஏப்ரல் மூன்றாவது வாரம் ஒரே ஒரு பூ. ஊதா நிறம். காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது கிராமபோன் குழாய் மாதிரி விரிந்திருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் பதினொரு மணிக்கு மறுபடி போனேன். நனைந்த துணியைக் கம்பியில் போட்டது போல் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் செடியும் போய்ச் சேர்ந்தது.

கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். இரண்டு நாள் கழித்து, "அதிகம் தண்ணீர் விட்டிருப்பீர்கள் மேடம்" என்று பதில். பேன்சி முளைக்கவே இல்லையே என்றேன். "தண்ணீர் குறைவாக விட்டிருப்பீர்கள் மேடம்" என்றார்கள். அதோடு விடாமல், வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்று இலவசமாக ஒரு மாற்றுப் பாக்கெட்டும் அனுப்பினார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி வந்து சேர்ந்தது. கூரியர் கவரைப் பிரித்துப் பார்த்தால் அதே பேன்சி.

சரி, குறை சொன்னது போதும். மீதி ஒன்பது பாக்கெட்டில் உண்மையிலேயே நல்ல சரக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

முதல் மார்க் ஜினியாவுக்கு. 20 விதை போட்டதில் 17 முளைத்தது, அதுவும் ஐந்தாவது நாளே. நாற்றைப் பிடுங்கி நடுவது அதற்குப் பிடிக்காது என்பதால் நேராகக் குரோ பேக் என்கிற செடி வளர்க்கும் பையிலேயே விதைத்தேன். முழங்கை உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்துக்கு ஒன்றாக நாலு கிளை அடிக்கும். ஏப்ரல் முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சும் ராணி நிறமும். மெக்சிகோவில் இருந்து வந்த செடி, வெயில் அதற்குச் சொந்தக்காரன் மாதிரி. ஒரு வேடிக்கை. கண் மருத்துவப் பாடக்குறிப்பு ஒன்றைத் திருத்தும்போது ஜின் என்ற பெயரைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய நார்களுக்கு அவர் பெயர். அந்த யோஹான் காட்ஃபிரீட் ஜின்தான் இந்தப் பூவின் பெயரிலும் இருக்கிறார். ஜெர்மன்காரர், உடற்கூறும் தாவரமும் இரண்டும் படித்தவர், 1759இல் முப்பத்தொரு வயதிலேயே இறந்துவிட்டார். விண்வெளி நிலையத்தில் 2016 ஜனவரியில் மலர்ந்ததும் ஜினியாதான். அங்கே ஈரம் அதிகமாகி இலையில் பூஞ்சணம் பிடித்ததாம். எங்கள் மாடியில் அந்தப் பிரச்னைக்கு இடமே இல்லை. மழை பெய்த பிறகுதான் இலையில் திருநீறு பூசியது போல் சாம்பல் நோய் வந்தது, அதற்குள் செடியும் வயதாகிவிட்டது.

டேபிள் ரோஸ் கதை கொஞ்சம் நீளம். பத்து மணிப் பூ என்றும் சொல்வார்கள். விதை இரும்புத் தூள் மாதிரி, சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும். விளக்கத் தாளில் 12 வகைக்கும் ஒரே ஆழம்தான் போட்டிருந்தது, அரை அங்குலம். நானும் அச்சில் இருப்பதை அப்படியே நம்பி (பிழை திருத்துகிறவள் செய்யக் கூடாத காரியம்) அரை அங்குல மண்ணைப் போட்டு மூடினேன். பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராவது நாள் சிவப்புத் தண்டோடு குட்டிக் குட்டியாக முளை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பூவாளியில் ஊற்றினால் அடித்துவிடும் என்று, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் காலையும் மாலையும் தெளித்தேன். மூன்று வாரத்தில் தொட்டி நிறையப் படர்ந்துவிட்டது. ஃபோட்டோ எடுத்து அலுவலகத்தில் காட்டினேன்.

அத்தைக்கு முட்டி வலி, மாடிக்கு அடிக்கடி வர மாட்டார். அன்று வடகம் காய வைக்க வந்தவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. "இது பருப்புக்கீரைம்மா. பூ பூக்கும்னு யார் சொன்னது? பாசிப்பருப்பு போட்டுக் கடைஞ்சா நல்லா இருக்கும்" என்றார். நான் வாங்கிய விதை மண்ணுக்குள் மூச்சடைத்துக் கிடக்க, செம்மண்ணோடு வந்த கீரை விதை என் உபசாரத்தில் வளர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம்தான், போர்ட்டுலாகா. இலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: கீரையின் இலை தட்டையாக, நுனி அகன்று இருக்கும், டேபிள் ரோஸ் இலை உருண்டு, ஊசி மாதிரி இருக்கும். அன்று ராத்திரி கீரை கடைந்து சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது முறை மார்ச் முதல் தேதி. விதையைக் காய்ந்த மணலோடு கலந்து, ஈர மண்ணின் மேலேயே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினேன், மூடவில்லை. இந்த விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு. ஒன்பதாவது நாள் முளைத்தது. ஏப்ரல் கடைசியில் முதல் பூ. அதற்குப் பிறகு விதையே தேவையில்லை. விரல் நீளம் கிள்ளி அடுத்த தொட்டியில் செருகினால் ஒரு வாரத்தில் வேர் பிடிக்கிறது. மே நடுவில் ஒன்பது தொட்டி. அக்னி நட்சத்திரம் மே 4இல் இருந்து 28 வரை கொளுத்திய நாட்களில், மாடியில் வாடாமல் நின்றது இதுவும் வாடாமல்லியும்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய பூ இது. எங்கள் மாடியில் எட்டரை மணிக்கே விரிய ஆரம்பித்துவிடும். இதழ் ஈரமான பட்டு போல் பளபளக்கும். நடுவில் மஞ்சளாகக் கூட்டமாக நிற்கும் மகரந்தத் தாள்களை ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தொட்ட பக்கமாக அவை மெதுவாகச் சாயும். வண்டு வந்து உட்கார்ந்தால் அதன் உடம்பில் மகரந்தத்தை அப்புவதற்காம். கீழ் வீட்டுப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலையாக இருந்தான். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நாள்தான் ஆயுள், மதியம் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் சுருட்டிக்கொண்டுவிடும். மேகமாக இருந்தால் திறக்கவே திறக்காது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. நான் ஒன்பது மணிக்கு பஸ் பிடித்தால் திரும்ப ஆறரை ஆகிவிடும். வாரத்தில் ஆறு நாள் என் டேபிள் ரோஸை நான் முழுதாக விரிந்து பார்த்ததில்லை. அத்தை முட்டி வலியை மறந்து பத்து மணிக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு மஞ்சள் பதிமூணு, வெள்ளை நாலு" என்று சாயங்காலம் எனக்குக் கணக்கு சொல்வார். வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பெட்டியை வாங்கினால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியிலும் இதை எழுத மாட்டார்கள்.

வாடாமல்லி முளைக்கப் பத்து நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. விதைக்கு மேல் பஞ்சு மாதிரி ஒரு போர்வை, அதனால் தண்ணீர் சட்டென்று இறங்காது. ஒரு நாள் ஊறப் போட்டுத்தான் விதைக்க வேண்டும். மே முதல் வாரம் பூத்தது. கத்திரி வெயில் முடிந்த பிறகும் அதே பூ அதே நிறத்தில் நின்றது. நாம் பூ என்று பார்க்கிற அந்த ஊதா உருண்டை, காகிதம் போன்ற செதில்களின் கூட்டம்தான். காய்ந்தாலும் நிறம் போகாது. ஆனால் நேர்மையாகச் சொன்னால் இதற்குக் காசு கொடுத்தது வீண். வாடாமல்லி கட்டிய பழைய மாலை ஒன்றை உதிர்த்துப் போட்டாலே முளைக்கும். கோழிக்கொண்டையும் அப்படித்தான், ஒரு செடி பூத்தால் போதும், கறுப்பு விதை கடுகைவிடச் சின்னதாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். பெட்டியில் இருந்தது வெல்வெட் துணியை மடித்து மடித்துத் தைத்த மாதிரி, கருஞ்சிவப்பு. அதில் குறையே இல்லை.

காஸ்மாஸ் பாக்கெட்டில் படம் ரோஸும் வெள்ளையும். வந்தது அத்தனையும் ஆரஞ்சு. அது வேறு இனம். ஏமாற்று வேலை என்றாலும் எனக்கு லாபம்தான், ஏனென்றால் ஆரஞ்சு இனம்தான் நம் வெயிலைத் தாங்கும். இதைக் கம்பெனி தெரிந்து செய்ததா, கை மாறிப் போட்டதா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியான பாக்கெட்டை அனுப்பிக் கெடுத்திருப்பார்கள்.

குட்டை ரகச் சூரியகாந்தி ஏழு செடி வந்தது. ஏப்ரலில் இரண்டு வாரம் மாடி முழுக்க மஞ்சள். அப்புறம் பூ கவிழ்ந்து விதை முற்றத் தொடங்கியதும் கிளிகள் வந்தன. முதல் நாள் இரண்டு, மறுநாள் ஆறு. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு விதையாக உருவி, தோலை மட்டும் கீழே துப்பிவிட்டு, பருப்பைத் தின்றன. வீட்டுக்காரர் வலை போடலாம் என்றார். அத்தை, "பெட்டி விலையில அதுவும் சேர்த்திதான், விடு" என்று சொல்லிவிட்டார்.

பிரெஞ்சு செண்டுமல்லி என்று போட்டிருந்த சின்ன ரகம் மார்ச், ஏப்ரலில் அழகு. மே வந்ததும் இலை வெளிறி, புள்ளி புள்ளியாகி, நுனியில் சிலந்தி வலை போல் ஒன்று படர்ந்தது. இலைச் சாற்றை உறிஞ்சும் குட்டி உயிர், செம்பேன். வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். இலைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன், வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலத்தில் தெளித்தேன். பக்கத்துச் செடிக்குப் பரவாமல் தடுக்க முடிந்தது, செண்டுமல்லியைக் காப்பாற்ற முடியவில்லை. இதில் விதை மேல் குற்றம் இல்லை.

நித்யகல்யாணி விதைக்கு டேபிள் ரோஸுக்கு நேர் எதிர்க் குணம்; இருட்டில்தான் நன்றாக முளைக்கும். தாளில் அதுவும் இல்லை. எனக்கு மூன்று செடிதான் தேறியது. போதாதே என்று ஆற்காடு சாலையோரம் ஒரு நர்சரியில் நாலு செடி, நூறு ரூபாய்க்கு வாங்கினேன். பூவோடு, ஜம்மென்று இருந்தன. கவரைக் கிழித்தால் உள்ளே சிவப்புக் களிமண் உருண்டை, சுட்டால் பானை ஆகிவிடும் போல. ராஜமுந்திரிப் பக்கம் கடியம் என்ற ஊரில் இருந்து லாரி லாரியாக வருகிற செடிகளில் பல இப்படிக் களிமண் பிடித்துத்தான் வரும். தூரப் பயணத்தில் வேர் காயாமல் இருக்க அது நல்லதுதான். அப்படியே தொட்டியில் வைத்தால் தண்ணீர் சுற்றி ஓடிவிடும், உருண்டைக்குள் இறங்காது. வாளித் தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, பாதி மண்ணைக் கரைத்துவிட்டு நட்டேன். நாலில் மூன்று பிழைத்தது. ஒன்று என்னால் செத்தது: பாவமே என்று மதியமும் தண்ணீர் ஊற்றினேன், அடித்தண்டு அழுகிவிட்டது. நித்யகல்யாணிக்குத் தாகம் தெரியும், சேறு பிடிக்காது. மடகாஸ்கர் தீவுச் செடி. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் இதன் இலையில் இருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த மருந்தின் பெயரில் இரண்டு எழுத்து மாறினால் வின்பிளாஸ்டினோடு குழம்பிவிடும் என்று எங்கள் அச்சகத்தில் அதை மூன்று பேர் சரிபார்ப்போம்.

காசித்தும்பையை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. நம் நாட்டுச் செடிதான், ஆனால் மழைக்காலத்துப் பிள்ளை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்து இரண்டு வேளை தண்ணீர் காட்டியதால் பூத்தது. அதன் முற்றிய காயைத் தொட்டால் படக்கென்று வெடித்துச் சுருளும். கீழ் வீட்டுப் பையனுக்கு டேபிள் ரோஸை விட்டால் இதுதான் விளையாட்டு. அதற்காக மட்டும் வைத்திருக்கலாம்.

அந்தக் கோகோபீட் வில்லைகளைப் பற்றி. காலையில் ஊற வைத்து வெளியில் வைத்தேன், மதியத்துக்குள் பிஸ்கட். நம் வெயிலுக்கு அது சரிப்படாது. பழைய குழித்தட்டில் செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அலசிய கோகோபீட் ஒரு பங்கு கலந்து போட்டதுதான் உதவியது. கோகோபீட்டை அலசாமல் போட்டால் உப்பு தங்கும். எங்கள் போர் தண்ணீரில் ஏற்கெனவே தொட்டி விளிம்பு சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துப் போகிறது. காவிரிக் குடிநீர் வருகிற நாளில் ஒரு டிரம் பிடித்து வைத்து நாற்றுக்கு அதைத்தான் தெளித்தேன்.

என் சொந்தத் தவறு ஒன்றும் உண்டு. மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு மாடியில் கிடந்த ஓஸைத் திறந்து அப்படியே நாற்றுகளின் மேல் பிடித்தேன். ஓஸுக்குள் காலையில் இருந்து வெயிலில் கிடந்த தண்ணீர், டீ போடுகிற சூடு. பதினைந்து காஸ்மாஸ் நாற்று, கண் முன்னாலேயே கீரை வதங்குவது போல் வதங்கியது. அப்போதிருந்து காலை ஆறு மணி, சாயங்காலம் ஆறரை, அதுவும் முதல் தண்ணீரை ஓரமாக விட்டுவிட்டுத்தான். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்ததும், மண் மேல் தேங்காய் மட்டையைப் பிய்த்துப் பரப்பியதும் பெரிய வித்தியாசம். மதியம் மட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தால் மண் குளுகுளுவென்று இருக்கும்.

ஆக, 459 ரூபாய்க்கு என்ன கிடைத்தது? முளைப்புத் திறன் நன்றாக இருக்கிறது, பழைய விதையைத் தள்ளிவிடவில்லை. எண்ணிக்கையில் கொஞ்சம் கை வைத்திருக்கிறார்கள்; 'குறைந்தது 50' என்று போட்ட ஜினியா பாக்கெட்டில் 43 இருந்தது. 12 வகையில் எட்டு வகை நம் கோடைக்கு ஏற்றது. அந்த எட்டில் வாடாமல்லி, கோழிக்கொண்டை, நித்யகல்யாணி, டேபிள் ரோஸ் நாலும் உங்கள் தெருவிலேயே யார் வீட்டிலாவது இருக்கும், கேட்டால் கிள்ளிக் கொடுப்பார்கள். அப்படிக் கழித்துப் பார்த்தால் ஜினியா, காஸ்மாஸ், சூரியகாந்தி, செண்டுமல்லி, இந்த நாலுக்குத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன். தனித்தனிப் பாக்கெட்டாக வாங்கினால் 150 ரூபாயில் முடிந்திருக்கும். பரிசாகக் கொடுக்க அட்டைப் பெட்டி அழகாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. வாங்குவதாக இருந்தால் தை மாதமே வாங்கி விதைத்துவிடுங்கள். பங்குனி வெயில் ஏறுவதற்குள் வேர் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். சித்திரையில் விதைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

விதைக்கு ஐந்துக்கு நாலு, தாளுக்கு ஒன்றும் கிடையாது. மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று போடுகிறேன். அந்த மூன்றில் அரை மார்க் கிளிகளுக்காக.

இலவசமாக வந்த பேன்சி பாக்கெட்டை மட்டும் பிரிக்கவில்லை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மேலே 'கார்த்திகை' என்று சீட்டு ஒட்டி, ஃப்ரிட்ஜ் கதவில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், காலாவதி மாதம் 13 என்று அச்சாகியிருக்கிறது. அதை 12 என்று திருத்துவதா, 3 என்று திருத்துவதா என்றுதான் தெரியவில்லை.